தக்காளியில் எதை நுள்ளுவது, எதை விடுவது: குறி பார்த்துத் திருத்தும் முறை

பங்குனி பிறந்துவிட்டால் என்னிடம் தக்காளிக் கேள்விகள் வரத் தொடங்கும். மாரி மழை ஓய்ந்ததும் நட்ட கன்றுகள் அந்த நேரம்தான் காயும் பழமுமாக நிற்கும். செய்த வேலை சரியா பிழையா என்று அப்போதுதான் தெரியவரும். கேட்க வருகிறவர்கள் அநேகமாக நோய் என்று நினைத்து, எந்த மருந்து அடிக்கலாம் என்றுதான் கேட்பார்கள். போய்ப் பார்த்தால் பலதடவை அது கைப்பிழை. நுள்ளக்கூடாத கன்றில், இலைக் கக்கத்தில் எழும்பும் பக்க முளைகளை நுள்ளியிருப்பார்கள், அல்லது நுள்ள வேண்டியதை விட்டிருப்பார்கள், அல்லது நுள்ளிய நேரம் பிழை.

அதனால் குறிகளை வைத்தே எழுதுகிறேன். உங்கள் கன்றில் எது தெரிகிறதோ அந்த இடத்தைத் தேடிப் படிக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அதைச் செய்யாமல் ஒரு முளையிலும் கை வைக்க வேண்டாம்.

முதல் வேலை: கன்றின் குணத்தைக் கண்டுபிடிப்பது

தக்காளியில் பெரிதாக இரண்டு குணம். ஒன்று இடுப்பளவில் பற்றையாக வளர்ந்து, தானாகவே நின்று, காயை நாலைந்து கிழமைக்குள் தந்து முடிப்பது. இதைப் பற்றைத் தக்காளி என்று சொல்கிறேன். மற்றது உயிர் இருக்கும்வரை ஏறிக்கொண்டே போவது, தடி கேட்பது, கொஞ்சம் கொஞ்சமாகக் காய் தருவது. இது ஏறு தக்காளி. இரண்டுக்கும் நடுவில் கொஞ்ச உயரம் ஏறி நின்றுவிடும் சாதிகளும் உண்டு.

விதைப் பைக்கற் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ரோமா என்றால் பற்றை. மணிமேக்கர் என்றால் ஏறு. கொத்துக் கொத்தாகக் காய்க்கும் சின்னச் செர்ரித் தக்காளிகள் பெரும்பாலும் ஏறு. ஆனால் சந்தையில் நாற்று வாங்கி நட்டவருக்குப் பெயர் எங்கே தெரியப்போகிறது? அப்போது கன்றைத்தான் கேட்க வேண்டும்.

கேட்கும் விதம் இது. முதல் பூங்கொத்தைக் கண்டுபிடியுங்கள். அதிலிருந்து தண்டு வழியே விரலை மேலே கொண்டுபோய், அடுத்த பூங்கொத்து வரும்வரை எத்தனை இலை என்று எண்ணுங்கள். மூன்று இலைக்கு ஒரு கொத்து, திரும்ப மூன்று இலைக்கு ஒரு கொத்து என்று ஒழுங்காகப் போனால் அது ஏறு தக்காளி. இரண்டு இலை, பிறகு ஓர் இலை என்று நெருங்கிக்கொண்டே போய், கடைசியில் உச்சியிலே குருத்து இல்லாமல் பூங்கொத்தே நின்றால் அது பற்றை. மூன்று கொத்து வரும்வரை பொறுத்திருந்து எண்ணினால் பிழைக்காது. முதல் கொத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்து நானும் ஏமாந்திருக்கிறேன்.

ஏன் இப்படி என்று விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் இலகு. பள்ளியில் கக்கவரும்பு என்று படித்திருப்போம், இலை தண்டோடு சேரும் கக்கத்தில் இருக்கும் அரும்பு. தக்காளியின் தண்டு உண்மையில் ஒரே தண்டு இல்லை. குருத்து போய்ப் பூங்கொத்தாக முடிகிறது. உடனே அதற்குக் கீழே உள்ள கக்கவரும்பு எழும்பி, பூங்கொத்தைப் பக்கத்தில் தள்ளிவிட்டுத் தான் தண்டாகிறது. மூன்று இலை விட்டு அதுவும் பூங்கொத்தாக முடிய, அடுத்த அரும்பு எழும்புகிறது. நாம் நடுத்தண்டு என்று நினைப்பது பக்க முளைகளால் கோத்த சங்கிலி. ஏறு தக்காளியில் இந்தச் சங்கிலி அறுவதில்லை. பற்றைத் தக்காளியில் சில கண்ணிகளோடு நின்றுவிடுகிறது. 1914இல் அமெரிக்காவின் புளோரிடாவில் தற்செயலாகக் கண்டெடுத்த ஒரு மரபணு மாற்றம்தான் இதற்குக் காரணம். இன்று உலகத்தில் பற்றையாக வளரும் சாதிகளுக்கெல்லாம் அதுவே மூலம். அந்த மரபணுவுக்கு ஆராய்ச்சியாளர் வைத்த பெயரே ‘தன்னைத் தானே கத்தரிப்பது’ என்ற பொருளில்தான். தன்னைத் தானே கத்தரிக்கும் கன்றை நாமும் கத்தரித்தால் என்ன மிஞ்சும்?

குறி: கன்று நல்ல பச்சை, நோய் இல்லை, ஆனால் காய் ஐந்தோ ஆறோதான்

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் மச்சாள் வீட்டுத் தறையில் இதைப் பார்த்தேன். பன்னிரண்டு கன்று, ஒவ்வொன்றும் தடியில் கட்டி, பக்க முளை ஒன்றுகூட இல்லாமல் சுத்தமாக நின்றது. பார்க்க அழகுதான். “வீடியோவில காட்டின மாதிரித்தான் எல்லா முளையும் எடுத்தனான், பிறகேன் காய் இல்லை?” என்று கேட்டார். நான் எண்ணிப் பார்த்தேன். இரண்டாம் கொத்துக்கும் மூன்றாம் கொத்துக்கும் நடுவில் ஒரே ஓர் இலை. அதற்கு மேல் உச்சியில் பூங்கொத்து. சுத்தமான பற்றைச் சாதி. பற்றைத் தக்காளியில் காயில் பெரும்பகுதி பக்கக் கிளைகளில்தான் வரும். கிளையை எடுத்தால் காயையும் சேர்த்து எடுத்ததாகும். மச்சாள் நுள்ளி எறிந்தது அந்தப் போகத்தின் விளைச்சலைத்தான்.

திருத்தம்: இன்றோடு நுள்ளுவதை நிறுத்துங்கள். கன்று இளசாக இருந்தால், அடியிலிருந்து இன்னும் இரண்டு மூன்று முளை வரும். அவற்றைத் தொடாமல் விட்டு, ஓர் அளவான பசளை கொடுத்து, தண்ணீரை ஒழுங்காக்குங்கள். காய் முற்றத் தொடங்கிய கன்றென்றால் இருக்கிறதைப் பறித்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

பற்றைத் தக்காளியில் நான் எடுப்பது இரண்டே இரண்டு. முதல் பூங்கொத்துக்குக் கீழே, மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் முளைகள்; மண்ணில் முட்டும் இலைகள். முதல் கொத்துக்கு நேர் கீழே வரும் முளையை மட்டும் எந்தக் காரணத்துக்கும் எடுக்க மாட்டேன். கன்றில் மிகப் பலமானது அதுதான். அதற்கு மேலே கை போகவே கூடாது.

குறி: காடு போல இலை, உள்ளே காற்றே இல்லை, காய் சின்னன்

இது மேலே சொன்னதற்கு நேர்மாறு. ஏறு தக்காளியைப் பற்றை என்று நினைத்து விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு கக்கத்திலும் எழும்பிய முளை தானும் ஒரு கன்றாகி, அதன் கக்கத்திலும் முளை எழும்பி, கிளைக்குள் கிளையாகிவிடும். அடி இலைகள் வெயில் காணாமல் மஞ்சளாகும், வெண் ஈ உள்ளே குடியிருக்கும்.

இங்கே வரும் பெரிய பிழை, ஆத்திரத்தில் ஒரே நாளில் மொட்டையடிப்பது. அப்படிச் செய்தவர் அடுத்த கிழமை வெயில் சுட்ட காயோடு வருவார். மூன்று தடவையாகச் செய்யுங்கள். ஒரு தடவைக்கும் மறுதடவைக்கும் ஐந்தாறு நாள் இடைவெளி. ஒரு தடவையில் இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது.

முதல் நாள், நடுத்தண்டையும் முதல் கொத்துக்கு நேர் கீழே உள்ள பலமான கிளையையும் தெரிந்தெடுத்து, இரண்டுக்கும் சிவப்புத் துணித்துண்டு கட்டுங்கள். இவை இரண்டும்தான் இனிக் கன்று. பிறகு அடியில் உள்ள, காய் பிடிக்காத முளைகளை எடுங்கள். இரண்டாம் தடவை நடுவில் உள்ளவை, மூன்றாம் தடவை மிஞ்சியவை. காய் பிடித்துவிட்ட கிளையை வெட்டி எறிய மனம் வராது, எறியவும் வேண்டாம். அந்தக் கிளையில் காய்க்கொத்துக்கு மேலே இரண்டு இலை விட்டு உச்சியை நுள்ளிவிடுங்கள். காய் முற்றும், கிளை மேற்கொண்டு ஓடாது.

ஒற்றைத் தண்டா, இரட்டைத் தண்டா என்று கேட்பார்கள். எங்கள் வெயிலுக்கு நான் இரட்டைத் தண்டுதான். ஒற்றைத் தண்டில் காய் பெரிதாகவும் வெள்ளனவாகவும் வரும், கன்றுகளை நெருக்கியும் நடலாம். ஆனால் நிழல் போதாது. இரட்டைத் தண்டென்றால் கன்றுக்குக் கன்று இரண்டு அடியாவது விடுங்கள்.

குறி: காயில் வெயில் பட்ட பக்கம் வெள்ளையாக, தோல் கடதாசி போல

மேற்குப் பக்கத்துக் காய்களில்தான் முதலில் வரும். காயைக் கையில் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வெளிறி, தொட்டால் கொஞ்சம் பள்ளமாக, தோல் மெல்லியதாகச் சுருங்கியிருக்கும். மறுபக்கம் ஒரு குறையும் இருக்காது. நோயென்றால் இப்படி வெயிலைப் பார்த்து வராது. இலைக்குள் நிழலில் வளர்ந்த காயைத் திடீரென்று வெளியே விட்டதால் வந்த சூடு இது. வெளிறிய இடத்தில் பிறகு கறுப்புப் பூஞ்சணம் ஏறும்.

வெளிறிய காய் திரும்பாது, பறித்துவிடுங்கள். மற்றக் காய்களைக் காப்பாற்ற, மேற்குப் பக்கத்தில் கிடுகு ஒன்றைச் சாய்த்து வைத்தால் போதும். பனையோலையும் நல்லது. மத்தியானத்துக்குப் பிறகான வெயிலை மறைத்தால் சரி, காலை வெயிலை மறைக்க வேண்டாம்.

இது திரும்ப வராமல் இருக்க ஒரு முறை இருக்கிறது, வெயில் நாட்டுக்காரருக்கென்றே வந்த முறை போல இருக்கும். பக்க முளையை அடியோடு எடுக்காமல், அது இரண்டு இலை விடும்வரை பொறுத்து, அந்த இரண்டு இலையையும் வைத்துக்கொண்டு உச்சியை மட்டும் நுள்ளுவது. மிசூரி முறை என்பார்கள். முளை ஓடாது, இலை நிழல் தரும். நுள்ளிய இடத்திலிருந்து திரும்பவும் முளை வரும் என்பதால் கிழமைக்கு ஒருதடவை பார்க்க வேண்டும். அந்த வேலைக்குப் பலன் உண்டு. பங்குனி, சித்திரையில் ஏறு தக்காளி வைத்திருப்பவர்கள் இதையே செய்யுங்கள் என்பது என் விருப்பம்.

இதோடு சேர்ந்த இன்னொரு பிழை, பழம் சிவக்கட்டும் என்று இலையைக் கிள்ளிவிடுவது. தக்காளி பழுக்க வெளிச்சம் தேவையில்லை, இளஞ்சூடு போதும். உண்மையில் சூடு 30 பாகை செல்சியசைத் தாண்டிப் போனால் சிவப்பு நிறம் உருவாவதே குறைந்து, பழம் செம்மஞ்சளாக நின்றுவிடும். இலையை எடுத்தால் அதுதான் நடக்கும். நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து, வீட்டுக்குள் நிழலில் பரப்பி வையுங்கள், சிவக்கும்.

குறி: காயின் அடிப்பக்கம் கறுத்து, தட்டையாக

“கல்சியம் காணாது, முட்டைக்கோது போடு” என்று யாரோ சொல்லியிருப்பார்கள். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் இருந்துகொண்டு இதை நம்புவது எனக்கு ஆச்சரியம். எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லுக்குள் தோண்டியவை. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது கல்சியம்தான். மண்ணிலும் இருக்கிறது, தண்ணீரிலும் இருக்கிறது. காய்க்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் விஷயம்.

கல்சியம் தண்ணீரோடுதான் மேலே ஏறும். தண்ணீரை அதிகம் இழுப்பது இலை; காய் இழுப்பது கொஞ்சம். நாலு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் மோட்டர் போட்டுப் பாத்தியை நிரப்பினால், அந்த நாலு நாளில் வளர்ந்த பிஞ்சின் நுனிக்குக் கல்சியம் போயிருக்காது. பிறகு எவ்வளவு இறைத்தாலும் கறுத்தது கறுத்ததுதான். ஆகவே கொஞ்சமாக, ஒழுங்காக இறையுங்கள். அடியில் வைக்கோலோ காய்ந்த சருகோ மூடி வையுங்கள். யூரியாவைக் குறையுங்கள், இலை பெருத்தால் காய்க்குப் போகும் பங்கு இன்னும் குறையும். கடற்கரைப் பக்கம் உவர்க் கிணறு உள்ளவர்களுக்கு இந்தக் குறி கூடுதலாக வரும், ஏனென்றால் உப்புத் தண்ணீரை வேரால் இலகுவில் இழுக்க முடியாது.

கத்தரிப்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ஒற்றைத் தண்டாக இறுக்கமாகக் கத்தரித்த கன்றுகளில்தான் இந்த அடிக்கறுப்பும், காய் வெடிப்பதும் அதிகம். வெடிப்பு மழைக்கோ பெரிய இறைப்புக்கோ அடுத்த நாள் தெரியும். அதற்கும் மருந்து இதே ஒழுங்கான தண்ணீர்தான்.

குறி: கத்தரித்த பிறகு இலை சுருண்டுவிட்டது

எந்த இலை என்று பாருங்கள். அடி இலைகள் மேல்நோக்கி வெற்றிலைச் சுருள் போல மடிந்து, தடித்து, ஆனால் பச்சையாகவே இருந்தால் பயமில்லை. ஒரேயடியாகக் கத்தரித்ததால், அல்லது தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றின் வறட்சியால் வரும். காய்க்குக் கெடுதல் இல்லை.

உச்சி இலைகள் சின்னதாகி, ஓரம் மஞ்சளாகி, கிண்ணம் போல மேலே குவிந்து, கன்றே குறுகி நின்றால் அது வேறு. வெண் ஈ கொண்டுவரும் இலைச்சுருள் வைரசு. கத்தரித்து மாற்ற முடியாது. கன்றைப் பிடுங்கி, ஈ பறக்காமல் பையால் மூடிக் கொண்டுபோய் எரித்துவிடுங்கள்.

குறி: இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாக, இலை ஒடுங்கி

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், எங்கள் ஊருக்கு முக்கியமானது. புகையிலையும் தக்காளியும் ஒரே குடும்பம். புகையிலைத் தேமல் வைரசு காய்ந்த இலையிலும் சாகாமல் இருக்கும். சுருட்டுப் பிடித்த கையோடு, புகையிலை போட்ட கையோடு, புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்த கையோடு வந்து தக்காளி முளையை நுள்ளினால், நுள்ளிய காயத்தின் வழியே வைரசு உள்ளே போகும். பிறகு அதே விரலால் அடுத்த கன்று, அதற்கடுத்த கன்று. வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நோய் வந்திருந்தால் கைதான் காவியது என்று அறியலாம்.

புகையிலைக்குத் தலை முறித்துப் பக்க முளை எடுத்துப் பழகிய பெரியவர்களின் விரல், தக்காளி முளை எடுக்க மிகத் தோதான விரல். அவர்களிடம்தான் நான் இந்த வேலையைப் பழகினேன். ஆனால் தக்காளித் தறைக்குள் போகுமுன் சவர்க்காரம் போட்டு, நகத்துக்குள்ளும் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள். பால் கரைத்த தண்ணீர் ஒரு கிண்ணத்தில் வைத்து, கன்றுக்குக் கன்று விரலை நனைப்பதும் உதவும். பாலின் புரதம் இந்த வைரசை முடக்கும். நோய் கண்ட கன்றைக் கடைசியாகத் தொட்டுப் பிடுங்குங்கள், முதலில் அல்ல.

குறி: பச்சையாக நின்ற கன்று மத்தியானத்தில் தொய்ந்து, மூன்று நாளில் விழுந்தது

மஞ்சளாகாமல் வாடினால் பற்றீரியா வாடலைச் சந்தேகியுங்கள். அடித்தண்டை ஒரு சாண் வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீரில் தொடும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் முனையிலிருந்து பால்நூல் போல வெள்ளையாக இழையிழையாக இறங்கினால் அதுதான்.

கன்றை வேரோடும் சுற்றியுள்ள மண்ணோடும் எடுத்து அகற்றுங்கள். வாய்க்காலில் அந்தக் கன்றைத் தாண்டித் தண்ணீர் ஓட விடாதீர்கள். வெட்டிய கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்காமல் அடுத்ததில் வைக்க வேண்டாம். அந்தத் தறையில் அடுத்த போகம் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை எதுவும் வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். வெங்காயம் போடலாம்.

குறி: நுள்ளிய காயம் கறுத்துத் தண்டுக்குள் இறங்குகிறது

ஈரத்தில் நுள்ளியிருக்கிறீர்கள். பனி காய்ந்து வெயில் ஏறத் தொடங்கிய காலை எட்டு, ஒன்பது மணிதான் சரியான நேரம். காயம் பகல் முழுக்கக் காயும். மாலையில் நுள்ளினால் இரவுப் பனியில் ஊறும். முளை விரல் நீளமாக இருக்கும்போதே எடுங்கள்: பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அடியில் பிடித்து, ஒரு பக்கம் சாய்த்து, உடனே மறுபக்கம் சாய்த்தால் ‘டக்’கென்று கழரும், தோல் உரியாது. பென்சில் மொத்தத்துக்கு வந்துவிட்டால் இழுக்காமல் கத்தியால் வெட்டுங்கள்.

குறி: பூ வருகிறது, எல்லாம் உதிர்கிறது

இதற்குக் கத்தரிப்பு மருந்தல்ல. இரவுச் சூடு குறையாத நாட்களில் பூ பிடிக்காது. சித்திரையில் கத்தரியையும் கத்தியையும் வைத்துவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள்.

குறி: முளை என்று நினைத்து உச்சியை முறித்துவிட்டேன்

எல்லாருக்கும் நடப்பது. ஏறு தக்காளியென்றால் கவலையே வேண்டாம். முறிந்த இடத்துக்குக் கீழே உள்ள பலமான கக்க முளையைத் தொடாமல் விட்டு, தடியோடு வாழைநாரால் எட்டுப்போல் தளர்வாகக் கட்டுங்கள். பத்து நாளில் எது பழைய தண்டு என்று உங்களுக்கே தெரியாது. பற்றையென்றால் எதுவும் செய்யாமல் விடுங்கள்.

பூங்கொத்தை முளையென்று நுள்ளியவர்களும் உண்டு. வித்தியாசம் இதுதான்: முளை எப்போதும் இலையின் கக்கத்திலிருந்து வரும். பூங்கொத்து இலைக்கும் இலைக்கும் நடுவில், வெறும் தண்டிலிருந்து வரும்.

கடைசியாக, ஏறு தக்காளியில் எடுத்த நல்ல முளையை எறியாதீர்கள். நோயில்லாத கன்றின், ஒரு சாண் நீள முளையாகத் தெரிந்து, அடி இலைகளை நீக்கி, தண்ணீர்ப் போத்தலில் போட்டுச் சாளர ஓரத்தில் நிழலில் வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருதடவை தண்ணீரை மாற்றுங்கள். ஒரு கிழமை, பத்து நாளில் தண்டின் பக்கவாட்டில் வெள்ளைப் பொட்டுகள் கிளம்பி, நூல் போல வேர் நீளும். வேர் ஓர் அங்குலம் வந்ததும் மண்ணும் மாட்டெருவும் கலந்த பையில் நட்டு, நாலு நாள் நிழலில் வைத்துப் பிறகு வெயிலுக்குக் கொண்டுபோங்கள். தாய்க்கன்றின் காய் முடியும் நேரம் இது பூக்கத் தொடங்கும்.